தையலுக்கு அப்பால்: ஆடை வடிவமைப்பைக் கலையாகக் கற்பித்தல்

நம் ஊர்களில் தையல் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. மாதர் சங்கக் கட்டடத்திலும் மத்ரஸா மண்டபத்திலும் தொண்டு நிறுவனத்தின் தற்காலிகக் கூடாரத்திலும் அவை நடக்கின்றன. ஆறு மாதம் போனால் ஒரு சான்றிதழும், சில வேளைகளில் ஒரு தையல் இயந்திரமும் கிடைக்கும். இவற்றால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே பிள்ளை "எனக்கு பெஷன் டிசைன் படிக்கணும்" என்று வாய் திறந்தால் வீட்டில் முகங்கள் மாறுகின்றன. "தைக்கப் பழகினாக் காணும்தானே புள்ள, டிசைன் படிச்சி என்ன செய்யப் போற?" என்ற கேள்வி உம்மாவிடமிருந்தும் வரும், வாப்பாவிடமிருந்தும் வரும், பாடசாலையில் ஆசிரியரிடமிருந்தும் வரும்.

இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. தையலுக்கும் வடிவமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இதுவரை யாருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதையே அது காட்டுகிறது. தையல் வகுப்பில் பிள்ளை கற்பது, கொடுக்கப்பட்ட ஓர் உடையைச் சரியாக எப்படிச் செய்வது என்பதை. வடிவமைப்பு வகுப்பில் அவள் கேட்கப் பழகுவது வேறு கேள்விகளை. இந்த உடை யாருக்கு? அவர் எங்கே வாழ்கிறார், என்ன வேலை செய்கிறார், எந்த வெயிலில் நடக்கிறார்? இந்த உடையைப் பார்ப்பவர் அவரைப் பற்றி என்ன நினைப்பார்? இந்தத் துணி எங்கிருந்து வந்தது, யார் நெய்தது? ஓவியனுக்கு வர்ணமும் கவிஞனுக்குச் சொல்லும் எப்படியோ, அப்படியே வடிவமைப்பாளருக்குத் துணியும் உடலும். இப்பாடத்தைக் கலையாகவும் பண்பாட்டு வெளிப்பாடாகவும் கற்பிக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

ஒரு தொப்பியின் மூன்று கதைகள்

உடை பேசும் என்பதை மாணவர்களுக்கு விளக்க வெளிநாட்டு நாகரிக மேடைகளுக்குப் போகத் தேவையில்லை. நமது வரலாற்றிலேயே மிக நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கறுப்புக் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி.

உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் தம் அரச ஊழியர்களுக்கு இந்தத் தொப்பியை உத்தியோகபூர்வமாக்கினார். பெரிய தலைப்பாகைகளைப் பார்த்தே ஒருவரின் பதவியையும் குலத்தையும் அறிந்த காலம் அது. எல்லோருக்கும் ஒரே தொப்பி என்பது அன்று புதுமை, சீர்திருத்தம். 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த அறபி பாஷா 1901 வரை இலங்கையில் வாழ்ந்தார். அந்தக் காலப்பகுதியில் இத்தொப்பி இலங்கையின் படித்த, வசதி படைத்த முஸ்லிம்களிடையே கௌரவத்தின் அடையாளமாயிற்று. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் ஆஜரானபோது, பிரதம நீதியரசர் லயார்ட் அதை அனுமதிக்க மறுத்தார். அவ்வாண்டின் இறுதி நாளில் மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி ஆட்சேபித்தனர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். இறுதியில் உரிமை கிடைத்தது. அங்கே அதே தொப்பி ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் சுயமரியாதையைப் பேசியது. பின்னர் 1925இல் துருக்கியில் முஸ்தபா கமாலின் அரசாங்கம் தொப்பிச் சட்டத்தின் மூலம் அதைத் தடை செய்தது. அங்கு அது பழைமைவாதத்தின் சின்னமாக மாறிவிட்டிருந்தது.

வடிவம் மாறவில்லை, நிறம் மாறவில்லை, குஞ்சம் கூட மாறவில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்குள் மூன்று இடங்களில் மூன்று பொருள். உடையின் பொருள் துணிக்குள் தைத்து வைக்கப்பட்டிருப்பதில்லை. அணிபவரும் பார்ப்பவரும் அவர்கள் வாழும் காலமும் சேர்ந்து அதை உண்டாக்குகிறார்கள். இந்த உண்மையை ஒரு தரம் 10 மாணவன் விளங்கிக்கொண்டால், 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் முகத்திரையும் ஹபாயாவும் எப்படிப் பார்க்கப்பட்டன என்பதை உணர்ச்சிவசப்படாமல் ஆராயும் பக்குவமும் அவனுக்கு வரும். நம் உடையைப் பற்றி மற்றவர்கள் மட்டும் பேச, நாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் நிலை மாற வேண்டுமானால், உடையைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு தலைமுறை நமக்குத் தேவை.

சாரனுக்குள் ஒரு கடல்

துணிகளின் பயணத்தைக் கற்பிப்பது இன்னொரு வாசல். நம் வாப்பாமார் உடுத்த 'பளையகாட்' சாரனை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கு கோட்டை கட்டி, கட்டம் போட்ட பருத்தித் துணிகளைக் கப்பலேற்றித் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். சாரன் என்ற சொல்லோ மலாய் மொழிக்குரியது. ஆக, ஒரு தமிழ்க் கரையின் துணியும் ஒரு மலாய்ச் சொல்லும் சேர்ந்து இலங்கைச் சோனகரின் இடுப்பில் வந்து நிற்கின்றன. நமது மலாய்ச் சகோதரர்களின் பத்திக்கும் அப்படியொரு கடல் கடந்த கதைதான்.

பத்திக்கின் இலங்கைக் கதையும் சொல்லத் தக்கது. 1960களில் ஏனா டி சில்வா தம் வீட்டவரோடும் லக்கி சேனாநாயக்க போன்ற கலைஞர்களோடும் சேர்ந்து பத்திக்கைப் புதிய கலையாக வளர்த்தெடுத்தார். ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையில் அவரது பத்திக் பதிக்கப்பட்டது. பிற்காலத்தில் மாத்தளை அளுவிகாரையில் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து அவர் வேலை செய்தார். அதே தசாப்தத்தில் பார்பரா சன்சோனி, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய நெசவு நிலையங்களுக்கு வடிவங்கள் வரைந்து கொடுக்கத் தொடங்கி, பின் 'பெயார்ஃபுட்' நிறுவனத்தை உருவாக்கினார். 2022இல் அவர் காலமாகும்போது இலங்கைக் கைத்தறியின் நிறங்களை உலகம் அறிந்திருந்தது. இருவரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவர்கள் புதிதாக எந்தத் தறியையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கைகளுக்கு ஓர் ஓவியரின் கண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெசவும் சாயமும் இங்கே இருந்தன. வடிவமைப்பு வந்து சேர்ந்தது.

2021இல் யுனெஸ்கோ தும்பறைப் பாய் நெசவை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கண்டிப் பகுதியின் சிங்களக் கிராமங்கள் சிலவற்றில் மட்டும் எஞ்சியிருந்த கைவினை அது. தமக்குரியதைத் தாமே ஆவணப்படுத்தி, கற்பித்து, உலகின் முன் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது அருகிலேயே இருக்கும் உதாரணம்.

மருதமுனையின் கேள்வி

இந்த இடத்தில் மருதமுனையை நினைக்காமல் இருக்க முடியாது. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனைக்கு அருகே உள்ள இந்த முஸ்லிம் ஊரின் பெயரைச் சொன்னாலே கைத்தறிதான் நினைவுக்கு வரும். சாரன், சாரி, படுக்கை விரிப்பு என்று தலைமுறைகளாக நெய்த ஊர். 2004 சுனாமி அந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. அதற்கு முன்பும் பின்பும் விசைத்தறித் துணியின் மலிவும், இறக்குமதி நூலின் விலையும் கைத்தறியை நெருக்கிக்கொண்டே வந்தன.

விலையில் விசைத்தறியோடு கைத்தறி ஒருபோதும் போட்டியிட முடியாது. அது இயந்திரவியலின் விதி. கைத்தறிக்கு இருக்கும் ஒரே பலம், அது சிறிய அளவில், வேறு எங்கும் இல்லாத ஒன்றை நெய்யக்கூடியது என்பதுதான். அந்த 'வேறு எங்கும் இல்லாத ஒன்று' வடிவமைப்பிலிருந்து மட்டுமே வரும். நெசவாளரின் பிள்ளை வடிவமைப்பைப் படிக்காவிட்டால் இரண்டே வழிதான்: தறி நின்றுபோகும், அல்லது கொழும்பிலிருந்து வரும் ஒருவர் வடிவத்தையும் பெயரையும் விலையையும் தீர்மானிக்க, நெசவாளர் கூலிக்கு நெய்வார். இரண்டாவது வழியில் துணி பிழைக்கும், ஊர் பிழைக்காது. ஆடை வடிவமைப்புக் கல்வியை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது கல்வி எங்கே நிற்கிறது?

நமது பாடசாலைக் கல்வியில் ஆடை என்பது பெரும்பாலும் மனைப் பொருளியலுக்குள் வருகிறது. சித்திரம் வேறொரு பாடம். க.பொ.த. சாதாரண தரத்தில் இவை வெவ்வேறு தொகுதிகளில் இருக்கின்றன. சித்திரம் படிக்கும் பிள்ளை துணியைத் தொடுவதில்லை. துணி வெட்டும் பிள்ளை வர்ணக் கோட்பாட்டை ஆழமாகப் படிப்பதில்லை. 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியபோது அதன் தொழிற்பிரிவில் ஆடை சார்ந்த பாடங்களும் இடம்பெற்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வீ.கியூ. தகைமைகள் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சையில் தேற வேண்டும். தமிழ்மொழியில் கட்புலக் கலை படிக்க மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஆகவே வாசல் இல்லாமல் இல்லை. அந்த வாசல் வரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பாதைதான் இல்லை. வரைபுத்தகம் வைத்துப் பழகாத பிள்ளை உளச்சார்புப் பரீட்சை மண்டபத்தில் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

இந்தப் பிளவுக்கு ஒரு பொருளாதார வரலாறும் உண்டு. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். 2004இன் முடிவு வரை பன்மடங்கு நார் ஒப்பந்தத்தின் கோட்டா முறை ஏற்றுமதிக்கு ஓரளவு பாதுகாப்புத் தந்தது. அந்தக் காலத்தில் வடிவம் நியூயோர்க்கிலோ லண்டனிலோ வரையப்பட்டு வரும். நாம் வெட்டித் தைத்து அனுப்புவோம். நாட்டுக்குத் தேவைப்பட்டது விரல்கள். அதனால் கல்வியும் விரல்களையே பழக்கியது. கோட்டா போன பிறகு பெரிய நிறுவனங்கள் வடிவமைப்பின் பெறுமதியை உணர்ந்துகொண்டன. நம் ஊர்த் தையல் வகுப்புகள் இன்னும் 1992இலேயே நிற்கின்றன.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

கலையாகக் கற்பிப்பது என்றால் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான்கு பயிற்சிகளை இங்கு விவரிக்கிறேன். தாள், கத்தரிக்கோல், பழந்துணி இருந்தால் எந்தப் பாடசாலையிலும் செய்யலாம்.

முதலாவது, பார்த்தல். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு அலுமாரியிலிருந்து இருபது வருடத்துக்கு மேற்பட்ட ஓர் உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூத்தம்மாவின் கல்யாணச் சாரியாக இருக்கலாம், அப்பாவின் துருக்கித் தொப்பியாக இருக்கலாம், முக்காடிட்ட வெள்ளைத் துப்பட்டியாக இருக்கலாம். அதை வரைய வேண்டும். ஓரத்தைப் புரட்டிப் பார்த்து எப்படித் தைக்கப்பட்டது என்று குறிக்க வேண்டும். உரியவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். "இது எங்க வாங்கின? யாரு தெரிஞ்ச? எத்தன தரம் உடுத்த? ஏன் விட்டுட்டீங்க?" இந்தக் கடைசிக் கேள்வியில்தான் வரலாறு வெளியே வரும். சாரியிலிருந்து ஹபாயாவுக்கு மாறிய தலைமுறையின் கதையை வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களின் கதையிலிருந்து பிரிக்க முடியாது என்பது அப்போது புரியும். முப்பது மாணவர்கள் செய்தால் ஒரு வகுப்பில் முப்பது ஆவணங்கள். நமது உடைப் பண்பாடு பற்றி எழுதப்பட்டவை குறைவு என்று ஆய்வாளர்கள் ஆதங்கப்படுகிறோம். அந்த ஆவணக் காப்பகத்தைப் பிள்ளைகளே கட்டலாம்.

இரண்டாவது, நிறம். தறி இல்லாமலே நெசவைக் கற்பிக்கலாம். இரண்டு நிறக் கடதாசிகளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, நெடுக்கே சிலவற்றைப் பாவாகவும் குறுக்கே சிலவற்றை ஊடையாகவும் வைத்துப் பின்ன வேண்டும். பாவிலும் ஊடையிலும் அதே இரு நிறங்களைப் பயன்படுத்தினால், சிவப்பும் சிவப்பும் சந்திக்கும் இடம், நீலமும் நீலமும் சந்திக்கும் இடம், சிவப்பும் நீலமும் சந்திக்கும் இடம் என மூன்று தோற்றங்கள் கிடைக்கும். மூன்று நிறம் வைத்தால் ஆறு. நான்கு வைத்தால் பத்து. சாரனின் கட்டங்களைச் சற்றுத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நூலில் இல்லாத நிறம் துணியில் தெரிவதன் இரகசியம் இதுதான். கடைசியில் ஒரு சாரனைக் கொண்டுவந்து, பாவின் நிற ஒழுங்கை நூல் நூலாக எண்ணி எழுதச் சொல்லலாம். 'சும்மா கட்டம்தானே' என்று நினைத்த பிள்ளை, அதற்குள் இருக்கும் கணக்கைக் கண்டு வியந்துபோகும். சாரனைப் பொருத்தித் தைக்கும் இடத்தில் கட்டம் குழம்பாமலிருக்க நெசவாளர் எவ்வளவு முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதும் விளங்கும்.

மூன்றாவது, உருவம். துணி தட்டையானது, உடல் வளைந்தது. ஆடை வடிவமைப்பின் முழுத் தொழில்நுட்பமும் இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிதான். ஐரோப்பிய மரபு வெட்டித் தைத்து, மடிப்புப் பிடித்துத் துணியை உடலுக்குப் பொருத்துகிறது. நமது சாரியும் சாரனும் வெட்டுவதே இல்லை. சுற்றி, கொசுவி, செருகி அதே பிரச்சினையைத் தீர்க்கின்றன. ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொடுத்து, கத்தரிக்கோல் இல்லாமல் ஒரு கதிரைக்கு உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே துணியை மூலைவாட்டில் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் நேராக இழுத்தால் அசையாத துணி, மூலைவாட்டில் நீண்டு வளைந்து கொடுக்கும். 1920களில் பாரிஸில் மடலேன் வியோனே இந்த ஒரு குணத்தை வைத்தே புகழ் பெற்றார். ஒற்றைத் துண்டுத் துணியிலிருந்து உடையை உருவாக்கும் சிந்தனையை ஜப்பானின் இஸ்ஸே மியாகே வாழ்நாள் முழுவதும் தேடினார். நம் உம்மாமார் தினமும் காலையில் அதைச் செய்துவிட்டுப் போகிறார்கள் என்று ஆசிரியர் சொல்லும்போது பிள்ளைகளின் முதுகு நிமிரும்.

நான்காவது, விமர்சனம். சித்திர வகுப்பில் போலவே எல்லோருடைய வேலையையும் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரும் எழுந்து தான் ஏன் இப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டும். "வடிவா இருக்கு", "வடிவு காணா" என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. 'இந்தக் கை அகலமாக இருப்பதால் வேலை செய்யும்போது தடுக்கும்', 'இந்த நிறம் நீ சொன்ன கதையோடு ஒட்டவில்லை' என்று காரணத்தோடு பேசப் பழக வேண்டும். மதிப்பீடும் முடிந்த உடைக்கு மட்டும் அல்லாமல் வரைபுத்தகத்துக்கும், கைவிட்ட முயற்சிகளுக்கும் சேர்த்தே கிடைக்க வேண்டும். அழகாகத் தைத்த போலியை விட, கோணலாகத் தைத்த சொந்தச் சிந்தனைக்குப் புள்ளி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் போனில் பார்த்ததைப் பிரதி எடுப்பார்கள்.

ஒரு மாணவச் செயற்றிட்டம் உலகை அசைத்த கதை

வடிவமைப்புக் கல்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். நெதர்லாந்தில் தலையை மூடிய முஸ்லிம் மாணவிகளை உடற்பயிற்சி வகுப்பில் அனுமதிப்பதா என்ற பிணக்கு 1990களில் இருந்தது. ஊசி குத்திக் கட்டிய முக்காடு ஆபத்து என்பது பாடசாலைகளின் வாதம். ஐந்தோவன் வடிவமைப்புக் கலைக்கழகத்தில் படித்த சிண்டி ஃபான் டென் பிறேமன் என்ற மாணவி 1999இல் அதையே தன் இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாக எடுத்தார். அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் அந்த மாணவிகளிடம் போய்க் கேட்டார். ஊசி தேவையில்லாத விளையாட்டு முக்காடுகளை வடிவமைத்தார்.

2011இல் ஈரானின் பெண்கள் உதைபந்தாட்ட அணி, முக்காட்டின் காரணமாக அம்மானில் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆடவிடப்படவில்லை. அதைத் தொடர்ந்த விவாதத்தில் அந்த வடிவமைப்பு ஒரு சான்றாக முன்வைக்கப்பட்டது. 2014இல் சர்வதேச உதைபந்தாட்டத்தில் தலைமறைப்பு அனுமதிக்கப்பட்டது. 2017இல் கூடைப்பந்தாட்டமும் அதே வழிக்கு வந்தது. மார்க்கத் தீர்ப்பாலோ அரசியல் கூச்சலாலோ மட்டும் தீராத ஒரு பிணக்கில், ஒரு துண்டுத் துணியைச் சரியாக வெட்டியதும் ஒரு பங்கு வகித்தது. அவுஸ்திரேலியாவில் லெபனான் வம்சாவளிப் பெண்ணான அஹேதா ஸனெட்டி 2004இல் உருவாக்கிய புர்கினி நீச்சலுடையும் இதே வரிசையில் வருவதுதான். 2018இல் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் சமகால முஸ்லிம் ஆடைகளுக்கென்று ஒரு கண்காட்சியையே நடத்தியது. உலகம் இதைக் கலை என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. நாம்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கான செயற்றிட்டங்களும் வாசலிலேயே காத்திருக்கின்றன. கிழக்கில் எத்தனையோ ஆசிரியைகள் ஹபாயாவோடு ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகிறார்கள். பின் சில்லில் துணி சிக்கும் அபாயம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஓரத்தை எப்படி வெட்டினால் மறைப்பும் கெடாது, உயிரும் தப்பும்? வளைகுடாவின் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் அணியும் செயற்கை இழைக் கறுப்புத் துணியை நமது ஈரவெக்கையில் பகல் முழுதும் அணிபவருக்கு, மருதமுனையின் மெல்லிய பருத்தியில் என்ன தரலாம்? வைத்தியசாலைத் தாதிக்கு, வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு, பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு எது பொருத்தம்? இவை எல்லாம் நல்ல வடிவமைப்புக் கேள்விகள். வெளியிலிருந்து ஒருவர் வந்து இவற்றுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

சில ஆட்சேபங்கள்

மார்க்கத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. அல்குர்ஆனின் 7ஆம் அத்தியாயம் 26ஆம் வசனம் உடையை மானத்தை மறைப்பதாகவும் அலங்காரமாகவும் சேர்த்தே பேசுகிறது. இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்றும் சொல்கிறது. இஸ்லாமிய நாகரிகத்தில் 'திராஸ்' எனப்பட்ட எழுத்துப் பின்னிய துணிகள் அரசர்களின் நெசவுக் கூடங்களில் தயாராயின; இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் அதைப் பற்றித் தனியாகவே எழுதுகிறார். வீண் பெருமையும் வீண்விரயமும் கண்டிக்கப்பட வேண்டியவை. அவற்றைக் கண்டிக்கும் அறிவையும் வடிவமைப்புக் கல்வியே தரும். ஒரு துணி எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர் அதை இரண்டு தரம் உடுத்துவிட்டு வீசமாட்டார்.

"ஆம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்பது அடுத்தது. மருதமுனையில் தறியில் இருந்தவர்களிலும், நம் நகரங்களில் அளவு நாடாவோடு நின்ற டெய்லர்மாரிலும் ஆண்கள் எத்தனை பேர்? கூலிக்குத் தைத்தால் ஆண் வேலை, சிந்தித்து வரைந்தால் பெண் வேலை என்பது எந்த நியாயம்?

தொழில் கிடைக்குமா என்பது உண்மையான கவலை. வடிவமைப்புப் படித்த எல்லோரும் பெயர் பெற்ற வடிவமைப்பாளராக மாட்டார்கள். ஆனால் வடிவெட்டுபவர், துணி ஆய்வாளர், கொள்முதலாளர், நாடக உடை அமைப்பவர், ஆசிரியர், சிறுதொழில் நடத்துபவர் என்று பல வழிகள் இருக்கின்றன. தையல் மட்டும் தெரிந்தவர் கூலியைக் கேட்டு வாங்க வேண்டும். வடிவம் கையில் உள்ளவர் விலையைச் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை

பண்பாட்டைக் கற்பிக்கும்போது ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. தும்பறை அலங்காரத்தையோ, காலி பீரளுச் சரிகையையோ, மலாய்ப் பத்திக்கையோ எடுத்துப் பயன்படுத்தும் மாணவர் அது யாருடையது, அங்கே அதற்கு என்ன பொருள் என்று அறிந்த பின்பே தொட வேண்டும். நம் சாரனை மற்றவர் பெயர் சொல்லாமல் எடுத்தால் நமக்கு வலிக்கும் அல்லவா? மாணவரின் வரைபுத்தகத்தில் வடிவத்தின் மூலம், நெய்தவரின் ஊர், கொடுத்த விலை மூன்றையும் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே உண்டாக்க வேண்டும். பண்பாடு என்பது உறைந்துபோன பொருளும் அல்ல. மூத்தம்மாவின் சாரியை அப்படியே திரும்பத் தைப்பதால் பண்பாடு காக்கப்படாது. அவர் ஏன் அதைத் தெரிந்தெடுத்தார் என்று விளங்கிக்கொண்டவர் இன்று செய்யும் புதிய தெரிவில்தான் அது தொடரும்.

எங்கிருந்து தொடங்குவது?

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பாடசாலையில் சித்திர ஆசிரியரும் மனைப் பொருளியல் ஆசிரியையும் சேர்ந்து வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூட்டு வகுப்பு நடத்தலாம். இருக்கும் ஆறு மாதத் தையல் வகுப்புகளில் கடைசி ஒரு மாதத்தை வரைதலுக்கும் வடிவமைப்புக்கும் ஒதுக்கலாம். நெசவாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவருக்கு வளவாளருக்குரிய கொடுப்பனவும் மரியாதையும் கொடுத்துப் பேச வைக்கலாம். ஊர் நூலகத்தின் ஒரு மூலையில் பழைய உடைகளும் அவற்றின் கதைகளும் இருக்கட்டும். உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கு உளச்சார்புப் பரீட்சைக்கான ஒரு மாத வரைதல் முகாமை நடத்த, படித்து முடித்த நம் பிள்ளைகள் சிலர் முன்வந்தாலே காணும்.

1905இல் மருதானையில் கூடியவர்கள், தாம் எதை அணிவது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் கேட்பது அதைவிட ஓர் அடி கூடுதலானது: அணிவதைத் தாமே உருவாக்கவும் வேண்டும். "டிசைன் படிச்சி என்ன செய்யப் போற?" என்று கேட்கும் உம்மாவிடம் அந்தப் பிள்ளை ஸ்கூட்டியில் சிக்காத ஒரு ஹபாயாவைத் தைத்துக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழாது.